துருவக் கடலில் எந்த நுண்பாசி வளரும் என்பதை எது முடிவு செய்கிறது?

கேள்வி இது: "துருவக் கடல்களில் மிதக்கும் நுண்பாசிகளில் எது வாழும், எவ்வளவு வளரும் என்பதைக் குளிர்தானே முடிவு செய்கிறது? அப்படியென்றால் கடல் சூடாகி, பனி உருகி, வெளிச்சம் கூடினால் அவை பெருகும். அவற்றை நம்பியிருக்கும் மீனும் திமிங்கலமும் பெருகும். இது நல்ல செய்திதானே?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யார் உள்ளே வரலாம் என்பதைத்தான் குளிர் முடிவு செய்கிறது. உள்ளே வந்தவர்களில் யார் ஓங்குவது என்பது பெரும்பாலும் மேல்நீர் எவ்வளவு ஆழம் வரை கலங்குகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு செல்லுக்கு எவ்வளவு வெளிச்சம் கிடைக்கும், அடியிலிருந்து எவ்வளவு சத்து மேலே வரும் என்ற இரண்டுமே அந்தக் கலக்கத்தில் அடங்கியிருக்கின்றன. அப்புறம்தான் இரும்பு, சிலிக்கா, தின்னவரும் பிராணிகள் எல்லாம். இதில் வடதுருவக் கடலும் தென்துருவக் கடலும் நேர் எதிரான கணக்கில் நடக்கின்றன. 'துருவக் கடல்' என்று ஒரே பெயரில் இரண்டையும் சேர்த்துப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது என்பது என் எண்ணம்.

குளிரிலிருந்தே தொடங்கலாம். கடல்நீர் உறைவது சுமார் மைனஸ் 1.8 டிகிரி செல்சியஸில். அந்தக் குளிரில் செல்லுக்குள் நடக்கும் வேதிவினைகள் எல்லாம் மந்தமாகிவிடும். கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதி வெதுவெதுப்பான இடத்திலேயே சோம்பேறி. குளிரில் இன்னும் மோசம். துருவ டயட்டம்கள் (சிலிக்காவால் கண்ணாடி ஓடு கட்டிக்கொள்ளும் ஒருசெல் பாசிகள்) அந்த நொதியையே மிக அதிக அளவில் செய்து வைத்துக்கொண்டு சமாளிக்கின்றன. ஃபிராஜிலாரியாப்சிஸ் சிலிண்ட்ரஸ் என்ற டயட்டம் இரு துருவங்களிலும் உண்டு. பனிக்குள் இருக்கும் உப்புநீர்க் குழாய்களில்கூட அது வாழும். பனிப்படிகம் வளர்ந்து செல்லைக் கிழித்துவிடாமல் தடுக்கும் புரதங்களை அதுவே தயாரித்துக்கொள்கிறது.

குளிர் யாரை வெளியே நிறுத்துகிறது என்பதுதான் இதைவிடச் சுவாரசியம். உலகக் கடல்களில் எண்ணிக்கையில் முதலிடம் புரோக்ளோரோகாக்கஸ் என்ற நுண்ணிய சயனோபாக்டீரியாவுக்கு. ஆனால் அது சுமார் 40 டிகிரி வடக்குக்கும் 40 டிகிரி தெற்குக்கும் இடைப்பட்ட கடலோடு நின்றுவிடுகிறது. வெப்பக் கடல்களில் அது நிரப்பும் இடத்தை ஆர்க்டிக்கில் மைக்ரோமோனாஸ் போலாரிஸ் என்ற இரண்டு மைக்ரோமீட்டர்கூட இல்லாத பச்சைப் பாசி நிரப்புகிறது. வெளிச்சம் போதாதபோது பாக்டீரியாவை விழுங்கியும் அதனால் பிழைக்க முடியும். ஆனால் உள்ளே வந்துவிட்ட டயட்டம், ஃபேயோசிஸ்டிஸ், கிரிப்டோஃபைட், பச்சைப் பாசி எல்லாமே குளிருக்குப் பழகியவைதான். ஒரே குளிரில் ஒரு விரிகுடாவில் டயட்டமும் பக்கத்து விரிகுடாவில் ஃபேயோசிஸ்டிஸும் ஓங்குவதற்குக் குளிர் காரணமாக இருக்க முடியாது.

சரி, வெளிச்சம். துருவத்தில் வெளிச்சம் மாதக் கணக்கில் இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் 79 டிகிரி வடக்கில் உள்ள நி-ஒலேசுண்டில் அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை சூரியன் தொடுவானத்துக்கு மேல் வராது. அந்த நாட்களில் கடல் உறங்கிக் கிடக்கிறது என்றுதான் நீண்ட நாள் நினைத்திருந்தார்கள். அங்குள்ள கொங்ஸ்ஃபியோர்டன் என்ற ஃபியோர்டில், அதாவது மலைகளுக்கு நடுவே உள்நுழைந்த குறுகிய கடற்கழியில், துருவ இரவில் நீர் எடுத்துப் பார்த்தபோது நுண்பாசிச் செல்கள் உயிரோடு இருந்தன. விளக்கொளி காட்டியதும் சீக்கிரமே ஒளிச்சேர்க்கையைத் தொடங்கின. இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருப்பதும் இதே நி-ஒலேசுண்டில்தான். சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும் கோவாவின் துருவ ஆய்வு மையமும் சேர்ந்து 2014-இல் இந்தக் கொங்ஸ்ஃபியோர்டனுக்குள்தான் இண்ட்ஆர்க் என்ற நங்கூரமிட்ட அளவீட்டுக் கருவித் தொகுதியை இறக்கின. குளிர்காலத்தில் கப்பல் போகாத நாட்களிலும் நீரின் வெப்பமும் உப்பும் பதிவாகிக்கொண்டே இருப்பதில் தனிப் பயன் உண்டு. வசந்தத்தில் யார் முந்துவார்கள் என்பதற்கான விதை குளிர்காலத்திலேயே போடப்பட்டுவிடுகிறது.

வசந்தத்தில் சூரியன் வந்த பிறகும் நடுவில் பனி நிற்கிறது. இங்கே வெளிச்சத்தை அதிகம் மறிப்பது பனிக்கட்டியைவிட அதன் மேல் விழுந்திருக்கும் வெண்பனித் தூள்தான். சில பத்து சென்டிமீட்டர் தூள்பனி போதும், கீழே கிட்டத்தட்ட இருட்டு. அந்தத் தூள் உருகி நீலக் குட்டைகளாக நின்றுவிட்டால் கதை மாறிவிடும். 2011 ஜூலையில் அமெரிக்கக் கடலியலாளர் கெவின் ஆரிகோ தலைமையிலான குழு, ஹீலி என்ற அமெரிக்கக் கடலோரக் காவற்படைக் கப்பலில், அலாஸ்காவுக்கு வடமேற்கே உள்ள சுக்சி கடலின் பனிக்குள் நுழைந்தது. 0.8 முதல் 1.3 மீட்டர் தடிமனான பனிக்கு அடியில், பனி விளிம்பிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே, டயட்டம் கூட்டம் பச்சைக் குழம்பாக நின்றது. அது வரை பனிக்கு அடியில் மிதவைப் பாசி அதிகம் வளராது என்பதுதான் பாடம். உருகுநீர்க் குட்டைகள் சன்னல்போல ஒளியைக் கீழே விட்டிருந்தன. முன்பு பல ஆண்டுகள் தங்கிய தடித்த பனி இருந்த இடத்தில் இப்போது ஒரே ஆண்டில் உறைந்து உருகும் மெல்லிய, தட்டையான பனி பரவியிருப்பதால் குட்டைகளும் பரவலாகிவிட்டன.

பனியின் அடிப்பரப்பிலேயே ஒட்டி வாழும் பாசிகள் தனி ரகம். 1840-களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ராஸின் அண்டார்டிகப் பயணத்தில் எரிபஸ் கப்பலில் சென்ற ஜோசப் ஹூக்கர், பனிக்கட்டி பழுப்பாகக் கறைபட்டிருப்பதைப் பார்த்து, அது டயட்டம் என்று அப்போதே எழுதிவிட்டார். தாவரவியலில் பெரிய பெயர் எடுப்பதற்கு முந்தைய இளைஞர் அவர்.

இனி கலக்கத்துக்கு வருவோம். ஒரு செல் தானாக ஒரே ஆழத்தில் நிற்க முடியாது. காற்றும் குளிர்ச்சியும் மேல்நீரைக் கலக்கும்போது அந்தச் செல்லும் மேலும் கீழுமாகப் பயணம் போகிறது. கலங்கும் அடுக்கு 20 மீட்டர் என்றால் எப்போதும் வெளிச்சத்தில் இருக்கும். 100 மீட்டர் என்றால் நாளின் பெரும்பகுதி இருட்டில் சுவாசித்துக்கொண்டு, சேர்த்ததைச் செலவழிக்கும். ஓர் எல்லைக்கு மேல் ஆழமாகக் கலங்கினால் வரவைவிடச் செலவு அதிகமாகிவிடும், பூக்கம், அதாவது பாசி திடீரெனப் பெருகுவது, தொடங்காது. நார்வேயின் கடலியலாளர் ஹரால்ட் ஸ்வெர்ட்ரூப் 1953-இல் இதைக் கணக்காகவே எழுதினார். 1918 முதல் 1925 வரை அமுண்ட்செனின் மாவ்ட் கப்பலோடு ஆர்க்டிக்கில் திரிந்தவர் அவர். இந்தக் கணக்குக்கு எடுத்துக்கொண்ட தரவு நார்வேக் கடலில் நின்ற ஒரு வானிலைக் கப்பலுடையது. பிற்காலத்தில் அந்தக் கணக்கைப் பலர் திருத்தியிருக்கிறார்கள். ஆனாலும் வசந்தப் பூக்கத்தைப் பற்றி யார் பேசத் தொடங்கினாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

கலக்கம் எவ்வளவு வளரும் என்பதோடு யார் வளர்வார் என்பதையும் மாற்றிவிடும். இதற்கு அண்டார்டிகாவின் ராஸ் கடலைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அங்கே நிலத்திலிருந்து வீசும் கடுங்காற்று பனியைத் தள்ளித் தள்ளி, பனி நடுவில் திறந்த நீர்ப்பரப்பை உண்டாக்குகிறது. இதைப் பொலின்யா என்பார்கள். நவம்பர், டிசம்பரில் ராஸ் கடல் பொலின்யாவின் நடுவே நீர் ஆழமாகக் கலங்கும். அங்கே ஓங்குவது ஃபேயோசிஸ்டிஸ் அண்டார்டிகா. சில மைக்ரோமீட்டர் அளவுள்ள செல்கள், ஆயிரக்கணக்கில் சேர்ந்து கோழைபோன்ற பசைக்குள் உருண்டையாக வாழும். அந்த உருண்டை மில்லிமீட்டர் அளவுக்கு வளரும், வெறும் கண்ணுக்குத் தெரியும். மேற்கே டெர்ரா நோவா விரிகுடாப் பக்கம் பனி உருகிய நன்னீர் மேலே தங்கி, கலங்கும் அடுக்கு மிக மெல்லியதாகிவிடும். அங்கே ஓங்குவது டயட்டம். இரண்டு இடத்திலும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிறைய இருக்கின்றன, வெப்பநிலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆரிகோவின் குழு 1999-இல் எழுதிய கட்டுரை இந்த வேறுபாட்டைக் கலங்கும் ஆழத்தோடு இணைத்தது.

ஏன் இப்படி? ஃபேயோசிஸ்டிஸ், வெளிச்சம் கூடுவதும் குறைவதுமாக மாறிக்கொண்டே இருந்தால் அதைத் தாங்கும். ஆழத்துக்கும் மேற்பரப்புக்கும் இடையே அலையும் வாழ்க்கை அதற்குப் பொருந்துகிறது. ஃபிராஜிலாரியாப்சிஸ் போன்ற டயட்டம், மேற்பரப்பில் தொடர்ந்து அடிக்கும் கடும் வெயிலைத் தாங்கும். வேண்டாத ஒளியை வெப்பமாக வெளியேற்றும் நிறமிகள் அதனிடம் தயாராக இருக்கின்றன. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஃபேயோசிஸ்டிஸ் ஒரு பங்கு பாஸ்பேட்டுக்கு டயட்டத்தைவிட அதிகக் கரியமில வாயுவை உள்ளிழுக்கிறது. அதனால் ராஸ் கடல் எத்தனை கரியமில வாயுவை வாங்கும் என்பதே அங்கே யார் வளர்கிறார் என்பதைப் பொறுத்துவிடுகிறது.

இதுவரை சொன்னது இரு துருவத்துக்கும் ஓரளவு பொது. இனிப் பிரிகிறது.

ஆர்க்டிக் நிலத்தால் சூழப்பட்ட கடல். உலகக் கடல்நீரின் கன அளவில் ஏறக்குறைய ஒரு விழுக்காடுதான் அதில் இருக்கிறது; ஆனால் உலக ஆறுகள் கடலில் சேர்க்கும் நீரில் பத்து விழுக்காட்டுக்கு மேல் அதில்தான் விழுகிறது. ஓப், யெனிசெய், லேனா, மெக்கன்சி என்று எல்லாம் பெரிய ஆறுகள். அதோடு பனி உருகிய நீரும் சேர்கிறது. இந்த நன்னீர் எடை குறைந்தது. தண்ணீர்மேல் எண்ணெய் நிற்பதுபோல உப்புநீரின்மேல் தங்கிவிடுகிறது. செல்களுக்கு வெளிச்சம் தாராளம். ஆனால் அடியில் கிடக்கும் நைட்ரேட் மேலே ஏற வழியில்லை. வசந்தத்தில் இருப்பதைச் சில வாரங்களில் தின்று தீர்த்துவிட்டால், கோடை முழுதும் மேற்பரப்பு பட்டினிதான். அதனால்தான் ஆர்க்டிக்கின் கோடையில் பாசி அடர்த்தி அதிகமாக இருப்பது மேற்பரப்பில் இல்லை. அதற்குச் சில பத்து மீட்டர் கீழே, நைட்ரேட் தொடங்கும் விளிம்பில். கீழிருந்து சத்தும் மேலிருந்து மங்கிய ஒளியும் சந்திக்கும் இடம் அதுதான்.

ஆக, ஆர்க்டிக்கில் பெரும்பாலும் தட்டுப்பாடு நைட்ரஜனுக்கு. அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் எந்தப் பகுதி பச்சை என்பதைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். பசிபிக் நீர் சுமார் 85 கிலோமீட்டர் அகலமும் 50 மீட்டர் ஆழமும் கொண்ட பெரிங் நீரிணை வழியாகச் சத்தோடு நுழைகிறது; அதனால் சுக்சி கடல் செழிப்பு. அட்லாண்டிக் நீர் பேரண்ட்ஸ் கடல் வழியாக நுழைகிறது, அதுவும் செழிப்பு. இரண்டிலிருந்தும் தள்ளி, போஃபோர்ட் சுழலில் நன்னீர் குவிந்து கிடக்கும் கனடிய ஆழ்படுகை வறண்டது. அங்கே சிறிய செல்லுக்கு ஆதாயம்: உடலளவுக்குப் பரப்பு அதிகம், அற்பச் சத்தையும் உறிஞ்சிக்கொள்ளும், சீக்கிரம் மூழ்காது. வில்லியம் லியும் கூட்டாளிகளும் 2004 முதல் 2008 வரை கனடிய ஆழ்படுகையில் எண்ணிப் பார்த்தபோது, மேல்நீர் நன்னீராக ஆக மிகச் சிறிய செல்கள் கூடி, அதற்கு அடுத்த அளவுள்ளவை குறைந்திருந்தன. மொத்தப் பச்சையம் பெரிதாக மாறவில்லை. ஆட்கள்தான் மாறினார்கள்.

கிரீன்லாந்தில் இன்னொரு விசித்திரம் உண்டு. பனியாறு நேராகக் கடலில் முடிந்தால், அதன் அடியிலிருந்து பீறிடும் உருகுநீர் ஆழத்து உப்புநீரை இழுத்துக்கொண்டு மேலெழும். நைட்ரேட்டும் கூடவே வரும். நூக் நகரத்துப் பெரிய ஃபியோர்டு கோடையிலும் செழிப்பாக இருப்பது இதனால்தான். பனியாறு பின்வாங்கி நிலத்திலேயே முடிந்துவிட்டால், அதே உருகுநீர் ஆறாக ஓடிவந்து மேற்பரப்பில் கலங்கலாகப் பரவி நிற்கும். அடியிலிருந்து எதுவும் வராது. வடகிழக்குக் கிரீன்லாந்தின் யங் சவுண்ட் அப்படி வறண்டது. உருகுவது ஒன்றுதான், எந்த ஆழத்தில் வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழாகிவிடுகிறது.

தெற்கே போனால் நிலைமை வேறு. நடுவில் கண்டம், சுற்றிலும் தடையில்லாத கடல். ஆழத்து நீர் அங்கே மேலெழுகிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கோடை முடிந்த பிறகும் மிச்சமிருக்கும் அளவுக்கு ஏராளம். ஆனால் பாசி அந்த அளவுக்கு இல்லை. ஏன் என்பது பல பத்தாண்டுப் புதிர். கலிபோர்னியாவின் மாஸ் லாண்டிங் கடல் ஆய்வகத்து ஜான் மார்ட்டின் 1980-களின் கடைசியில் சொன்ன விடை: இரும்பு. கப்பலே இரும்பு, கம்பியே இரும்பு, அதனால் அதுவரை அளந்தவர்களின் நீர் மாதிரிகளில் எல்லாம் துரு கலந்துவிட்டிருந்தது. மிகச் சுத்தமாக எடுத்து அளந்தபோது, அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடல் மேற்பரப்பு நீரின் ஒரு லிட்டரில் கரைந்த இரும்பு ஏறக்குறைய ஒரு கிராமில் பத்துக் கோடியில் ஒரு பங்குதான். ஒளிச்சேர்க்கைக்கும் நைட்ரேட்டைச் செரிப்பதற்கும் இரும்பு கட்டாயம். மார்ட்டின் 1993-இல் இறந்துவிட்டார். கடலில் இரும்பு தூவும் முதல் சோதனை அந்த ஆண்டுதான் கலாபகஸ் அருகே நடந்தது. தென்பெருங்கடலில் முதல் சோதனை 1999-இல் ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே. தூவினார்கள், பச்சை வந்தது.

கேள்விக்கு மிக நெருக்கமான சோதனைகள் இதற்கு அப்புறம் நடந்த இரண்டு. 2004-இல் ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பலில் நடந்த ஐஃபெக்ஸ் சோதனையில் இரும்பு தூவியதும் பெரிய டயட்டம்கள் பெருகின. பூக்கம் முடிந்ததும் அதன் உயிர்ப்பொருளில் பாதிக்காவது ஆயிரம் மீட்டருக்கும் கீழே போய்விட்டது. இரும்பால் கரியைக் கடலடிக்கு அனுப்பலாம் என்பவர்களுக்கு அது கொண்டாட்டம். 2009-இல் அதே கப்பலில் இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து லோஹாஃபெக்ஸ் சோதனை நடத்தின. கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த வாஜிஹ் நக்வியும், இந்தியாவில் பிறந்து ஜெர்மனியின் ஆல்ஃப்ரெட் வெகனர் நிறுவனத்தில் பணியாற்றிய விக்டர் ஸ்மெடாசெக்கும் தலைமை. சுற்றுச்சூழல் எதிர்ப்பால் ஜெர்மன் அரசு நடுவில் நிறுத்திவைத்து, பிறகுதான் அனுமதித்தது. தென்மேற்கு அட்லாண்டிக்கில் ஒரு சுழலுக்குள் சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு சல்பேட்டைக் கரைத்தார்கள்.

பச்சை வந்தது, ஆனால் டயட்டம் வரவில்லை. அந்த நீரில் சிலிக்கேட் முன்பே தீர்ந்திருந்தது. கண்ணாடி ஓடு கட்ட மூலப்பொருள் இல்லாமல் டயட்டம் எப்படி வளரும்? வளர்ந்தவை ஓடில்லாத சின்னஞ்சிறு கசையிழைப் பாசிகள். அவற்றைக் கோப்பிபாட் என்ற இறால்வகைச் சிறுபிராணிகள் தின்றன, கோப்பிபாடுகளைத் தெமிஸ்டோ என்ற பெரிய இரைகௌவிகள் தின்றன. ஆழத்துக்குப் போனது மிகக் கொஞ்சம். ஒரே கப்பல், ஒரே உத்தி, ஒரே இரும்பு. ஒன்றில் கரி மூழ்கியது, மற்றதில் மேலேயே சுற்றித் திரிந்தது. தலைப்புச் செய்திகளில் இதைத் 'தோல்வி' என்றார்கள். அறிவியலாகப் பார்த்தால் இரண்டில் லோஹாஃபெக்ஸ்தான் அதிகம் கற்றுக்கொடுத்தது என்பேன். யார் வளர்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எவ்வளவு வளர்கிறது என்று மட்டும் அளப்பதால் பயனில்லை என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது.

சிலிக்கேட் கணக்கு தென்பெருங்கடலையே இரண்டாக வெட்டுகிறது. அண்டார்டிகாவைச் சுற்றி ஓடும் பெருநீரோட்டத்தில் 'துருவ முனை' என்று ஓர் எல்லை உண்டு. அதற்குத் தெற்கே சிலிக்கேட் ஏராளம், வடக்கே கோடையில் பஞ்சம். இதற்கும் காரணம் ஒருவகையில் இரும்புதான். இரும்புப் பஞ்சத்தில் வளரும் டயட்டம் ஒரு பங்கு நைட்ரேட்டுக்கு இரண்டு மூன்று மடங்கு சிலிக்கேட்டை எடுத்துக்கொண்டு தடித்த ஓடு கட்டுகிறது. கனத்த ஓடு மூழ்கிவிடும். சிலிக்கா தெற்கிலேயே அடியில் தங்கும். வடக்கே போகும் நீர் நைட்ரேட்டோடு போகும், சிலிக்கேட் இல்லாமல். ஃபிராஜிலாரியாப்சிஸ் கெர்குலென்சிஸ் என்ற டயட்டத்தின் ஓட்டை நுண்ணூசியால் அழுத்திச் சோதித்தபோது, ஒரு சதுர மீட்டருக்கு நூற்றுக்கணக்கான டன் எடைக்குச் சமமான அழுத்தத்தைத் தாங்கியது. இந்தக் கவசம் கோப்பிபாடின் பல்லுக்கு எதிராகத்தான். அண்டார்டிகாவைச் சுற்றிக் கடலடியில் அகலமான பட்டையாகப் படிந்து கிடக்கும் டயட்டம் சேறு பெரும்பாலும் இப்படிப்பட்ட கவசக்காரர்களின் மிச்சம்.

இரும்பு இயற்கையாக எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் தென்பெருங்கடல் பச்சையாக இருக்கிறது. கெர்குலென் மேட்டுநிலத்தின் மேல், தெற்கு ஜார்ஜியாத் தீவிலிருந்து நீரோட்டம் போகும் பக்கம், அமுண்ட்சென் கடலில் பைன் தீவுப் பனியாற்றின் முன்னே உள்ள பொலின்யாவில். 2019-20 ஆஸ்திரேலியக் காட்டுத்தீயின் புகை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, நியூசிலாந்துக்கும் தென் அமெரிக்காவுக்கும் இடையே நுண்பாசிப் பூக்கத்தைக் கிளப்பியது. திமிங்கலமும் இந்தக் கணக்கில் உண்டு: அதன் சாணத்தில் இருக்கும் இரும்பின் செறிவு அண்டார்டிகக் கடல்நீரில் இருப்பதைப்போல ஏறக்குறைய ஒரு கோடி மடங்கு. கிரில் என்ற இறால்போன்ற சிறுபிராணியின் உடம்பில் பூட்டிக் கிடந்த இரும்பைத் திமிங்கலம் மறுபடி மேல்நீரில் கரைத்துவிடுகிறது. இருபதாம் நூற்றாண்டில் தெற்கே இலட்சக்கணக்கில் திமிங்கலங்களைக் கொன்றபோது இந்தச் சுழற்சியும் சேர்ந்தே அடிபட்டிருக்கும் என்று பலர் வாதிடுகிறார்கள். வாதம் நியாயமானதுதான், ஆனால் அந்தக் காலத்துப் பாசி அளவீடு கையில் இல்லாமல் கணக்கை முடிக்க முடியாது. ட்ரேக் நீரிணை போன்ற சில இடங்களில் இரும்போடு மாங்கனீசும், ராஸ் கடலில் சில சமயம் வைட்டமின் பி12-உம் தட்டுப்பாடாவது கண்டறியப்பட்டிருக்கிறது. பி12-ஐப் பாசி தானே செய்துகொள்ள முடியாது, பாக்டீரியாதான் செய்து தர வேண்டும்.

தின்பவர்களுக்கு வருகிறேன், உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அண்டார்டிகத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் பால்மர் நிலையத்தைச் சுற்றி 1990-களின் தொடக்கத்திலிருந்து ஆண்டுதோறும் அளக்கிறார்கள். வழக்கமாக அங்கே டயட்டம் பூக்கும். ஆனால் பனியாறு உருகி உப்பு குறைந்த நீர் கரையோரம் பரவும் கோடைகளில் கிரிப்டோஃபைட் என்ற சிறிய பாசி அந்த இடத்தைப் பிடிக்கிறது. அதன் அளவு சுமார் 8 மைக்ரோமீட்டர். கிரில், தன் முன்னங்கால்களின் மயிரிழைகளைச் சல்லடையாகக் கோத்து நீரை வடிகட்டித் தின்னும் பிராணி. டயட்டம் அந்தச் சல்லடையில் சிக்கும். கிரிப்டோஃபைட் பெரும்பாலும் நழுவிவிடும். சால்ப் என்ற கண்ணாடிபோன்ற குழாய்ப் பிராணிக்கு அந்தப் பிரச்சினை இல்லை, அதன் வலை இன்னும் நெருக்கமானது. தென்மேற்கு அட்லாண்டிக் பகுதியில் 1970-களுக்குப் பிறகு கிரில் குறைந்து, சால்ப் கூடியதாக வலைவீச்சுப் பதிவுகள் காட்டுகின்றன. அதற்குப் பல காரணங்கள் உண்டு, குளிர்காலப் பனி குறைந்தது முக்கியமானது. கிரில் குஞ்சுகள் குளிர்காலத்தில் பனியின் அடிப்பாசியைச் சுரண்டித்தான் பிழைக்கின்றன. பெங்குவினும் சீலும் பலீன் திமிங்கலமும் கிரிலை நம்பியவை. சால்ப் உடம்பு பெரும்பாலும் தண்ணீர். அதைத் தின்று பெங்குவின் குஞ்சு வளராது.

இப்போது ஆர்க்டிக்கைப் பாருங்கள். செயற்கைக்கோள் கணக்கின்படி 1998-க்கும் 2018-க்கும் இடையே அங்கே ஆண்டு உற்பத்தி 57 விழுக்காடு கூடியது. முதல் பத்தாண்டில் திறந்த நீர் கூடியதும் பூக்கும் நாட்கள் நீண்டதும் காரணம். பிற்பாதியில் பனி குறைவது மெதுவானபோதும் உற்பத்தி ஏறிக்கொண்டே போனது. அப்படியானால் எங்கிருந்தோ புதிய சத்து வருகிறது என்று பொருள். பெரும்பாலும் பசிபிக், அட்லாண்டிக் நுழைவாயில்களைச் சுற்றித்தான் இந்த ஏற்றம். இலையுதிர்காலத்தில் பனி தாமதமாக உறைவதால் புயல்கள் திறந்த நீரைக் கலக்கி, முன்பு இல்லாத இரண்டாவது பூக்கத்தையும் சில இடங்களில் உண்டாக்குகின்றன.

ஆக, 'வெளிச்சம் கூடினால் பாசி கூடும்' என்பது ஆர்க்டிக்கின் வாசல்களில் உண்மை, உள்ளே ஆழ்படுகையில் அரைகுறை, தெற்கே இரும்பு இல்லாத நடுக்கடலில் பெரும்பாலும் பொருந்தாது.

ஆட்களும் இடம் மாறுகிறார்கள். சுண்ணாம்புத் தகடுகள் போர்த்திய எமிலியானியா ஹக்ஸ்லேயி என்ற நுண்பாசி மிதவெப்பக் கடல்காரி. இப்போது அட்லாண்டிக் நீரோடு பேரண்ட்ஸ் கடலுக்குள் வடக்கே வடக்கே போகிறாள். நியோடெண்டிகுலா செமினே என்ற பசிபிக் டயட்டம் 1999-இல் லாப்ரடார் கடலில் அகப்பட்டது. வடக்கு அட்லாண்டிக்கில் அது கடைசியாக இருந்தது சுமார் எட்டு இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. பனி விலகிய ஆர்க்டிக் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். 2012-இல், ஆர்க்டிக் கோடைப்பனி அளவீட்டு வரலாற்றிலேயே மிகக் குறைந்த ஆண்டில், ஜெர்மன் கடல் ஆய்வாளர் ஆன்ட்யே போட்டியூஸின் குழு நடு ஆர்க்டிக்கில் ஏறக்குறைய 4,000 மீட்டர் ஆழத்துக்குக் கேமராவை இறக்கியது. பனியின் அடியில் கயிறுகயிறாகத் தொங்கும் மெலோசிரா ஆர்க்டிகா என்ற டயட்டம், பனி உருகியதால் அறுந்து விழுந்து கடலடியில் திட்டுத்திட்டாகக் கிடந்தது. கடல்வெள்ளரிகள் அதை மேய்ந்துகொண்டிருந்தன. மேல்நீரில் தின்ன வேண்டியவர்களுக்குப் போய்ச் சேராமல் நேராக அடிக்குப் போன உணவு அது.

செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து முடிவுக்கு வருவோருக்கு ஒரு எச்சரிக்கை. அந்தக் கண் மேற்பரப்பை மட்டும்தான் பார்க்கும். பனிக்கு அடியில் உள்ள பூக்கமும், 30-40 மீட்டர் ஆழத்து அடர்ந்த பட்டையும் அதற்குத் தெரியாது. சைபீரிய ஆறுகள் கொண்டுவரும் தேநீர் நிற நீரைப் பச்சையமாக எண்ணிவிடும் சிக்கலும் உண்டு. யார் வளர்கிறார் என்று அறிய, கப்பலில் வடிகட்டிய பாசியின் நிறமியைப் பிரித்துப் பார்ப்பது பழைய நம்பகமான வழி: ஃபுகோசாந்தின் அதிகம் என்றால் பெரும்பாலும் டயட்டம், அல்லோசாந்தின் இருந்தால் கிரிப்டோஃபைட். 2024 பிப்ரவரியில் நாசா ஏவிய பேஸ் செயற்கைக்கோள் நூற்றுக்கும் மேற்பட்ட வண்ணப்பட்டைகளில் கடலைப் படம்பிடிப்பதால், இந்த வேறுபாட்டை வானத்திலிருந்தே ஓரளவு பிரித்தறிய முயல்கிறார்கள். குளிர்காலத்திலும் பனிக்கு அடியிலும் தகவல் வேண்டுமென்றால் தானியங்கி மிதவைகள்தான் கதி. தென்பெருங்கடலில் அவை பனிக்கு அடியில் அளந்ததைச் சேமித்து வைத்து, திறந்த நீர் கிடைத்ததும் மேலே வந்து அனுப்புகின்றன.

எனவே 'துருவக் கடல் பச்சையாகிறது' என்று அடுத்த செய்தி வந்தால் நான் முதலில் பார்ப்பது மூன்று விஷயம்: எந்த துருவத்தில், எந்த மாதத்தில், எந்த அளவுள்ள செல். மூன்றாவது பெரும்பாலும் செய்தியில் இருக்காது, மூலக்கட்டுரையைத் திறந்து நிறமி அட்டவணையில்தான் தேட வேண்டும்.